டி.எஸ்.எச். நார்மல்னு வந்துடுச்சு, பொண்ணு மட்டும் பழையபடி ஆகல: தைராய்டு உள்ள பிள்ளைங்களோட மனசைப் பத்தி

கொடுங்கையூர் அம்மா

எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. போன வருஷம் ஸ்கூலுக்கு வந்த மெடிக்கல் டீம் எடை, உயரம் பார்த்துட்டு, "வயசுக்கு உயரம் ஏறலையே, டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னு சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. காட்டினதுல ஹாஷிமோட்டோ தைராய்டு, அதாவது தைராய்டு குறைவா சுரக்குதுன்னு சொன்னாங்க. அப்ப டி.எஸ்.எச். (தைராய்டு குறைஞ்சா ஏறிக் காட்டுற ரத்த டெஸ்ட் நம்பர்) 100க்கு மேல இருந்துது. மாத்திரை ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, இப்ப 75 மைக்ரோகிராம் போகுது. கடைசி ரிப்போர்ட்ல டி.எஸ்.எச். 2.8. டாக்டர் பார்த்துட்டு, "எல்லாம் நார்மல், ஆறு மாசம் கழிச்சு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க.

உடம்புல நல்லா மாற்றம் தெரியுது. மலச்சிக்கல் போச்சு, முகத்து உப்பல் வத்திடுச்சு, யூனிஃபார்ம் சின்னதாயிடுச்சு. மனசுதான் எனக்குப் புரியல. முன்னாடி சாயங்காலம் ஆனா எங்க தெருவுல அவ குரல்தான் கேட்கும். இப்ப தண்ணி லாரி வந்தாக்கூட குடம் எடுத்துட்டு வெளிய வர மாட்டேங்கிறா, அங்க மத்த பொண்ணுங்க இருப்பாங்கன்னு. திங்கக்கிழமை ஆனா வயித்துவலி. ராத்திரி ரொம்ப நேரம் தூங்காம படுத்திருக்கா, கேட்டா "ஒண்ணும் இல்லம்மா"தான் பதில்.

மாமியார் "மாத்திரை சூடு, அதான் இப்படி"ங்கிறாங்க. வீட்டுக்காரர் செல்போனைக் குறை சொல்றார். ரிப்போர்ட் நார்மலா இருந்தும் தைராய்டால பிள்ளைக்கு இப்படி இருக்குமா? இல்ல இது வேற ஏதாவதா? யார்கிட்ட போறதுன்னு தெரியல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

மூலக்கடை மெடிக்கல்

அக்கா, மொதல்ல மாத்திரை சரியா போகுதான்னு பார்த்துடலாம். காலைல வெறும் வயித்துல, தண்ணியோட மட்டும்தானே? சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னாடி போடணும். பால், டீயோட போட்டா சரியா சேராது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை எதாவது கொடுக்கிறீங்கன்னா நாலு மணி நேரம் இடைவெளி வேணும். ஸ்கூல்ல வாரத்துக்கு ஒரு தடவை நீல கலர் இரும்பு மாத்திரை கொடுப்பாங்களே, அதை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டா பிரச்சனை இல்ல.

பாட்டிலை ஜன்னல் ஓரம் வெயில்ல, அடுப்புப் பக்கத்துல வைக்காதீங்க. கம்பெனி அடிக்கடி மாத்தாதீங்க, மாத்தினா ஆறு வாரம் கழிச்சு ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்க.

கொடுங்கையூர் அம்மா

இல்ல தம்பி, மாத்திரை நான்தான் கொடுக்கிறேன். தண்ணி லாரிக்கு அஞ்சரைக்கு எழுந்துக்கிறப்பவே கொடுத்துடுவேன். ஏழு மணிக்குத்தான் டிபன்.

வார்டு சிஸ்டர்

அப்படின்னா மாத்திரையில குறை இல்லம்மா, நம்பரும் அதைத்தான் சொல்லுது. குழந்தைகள் வார்டுல பல வருஷம் வேலை பார்த்தவ நான். உங்க கேள்வி ரொம்ப முக்கியமான கேள்வி, இதை ஓ.பி.யில கேட்க நேரம் கிடைக்கிறதில்ல.

டி.எஸ்.எச். 2.8னா மருந்து அளவு சரின்னு அர்த்தம். பிள்ளை நல்லா இருக்கான்னு அந்த நம்பர் சொல்லாது. தைராய்டு ஹார்மோன் ரொம்ப நாள் குறைவா இருந்த பிள்ளைங்க மந்தமா, அசதியா, எதுலயும் ஒட்டாம இருப்பாங்க. பேச்சு குறையும், பாடம் மனசுல நிக்காது. இது மெதுவா வர்றதால வீட்டுல "பொண்ணு அடக்கமாயிட்டா"ன்னு நினைப்பாங்க. மருந்து ஆரம்பிச்சதும் மூளை முழிச்சுக்கும். அப்ப சில பிள்ளைங்க நேர்மாறா ஆவாங்க. துறுதுறுப்பு, எரிச்சல், தூக்கம் குறையறது, கொஞ்ச காலத்துக்கு மார்க் இறங்கறது, இதெல்லாம் வரலாம். குறிப்பா ரொம்ப நாள் கண்டுபிடிக்காம இருந்து, டி.எஸ்.எச். ரொம்ப அதிகமா இருந்த பிள்ளைங்களுக்கு. இதை முன்னாடியே சொல்லி அனுப்பினா வீட்டுல பாதி சண்டை இருக்காது.

ஆனா உங்க பொண்ணு ஒதுங்கறா, ஸ்கூலுக்குப் பயப்படறா, தூங்கல. இதை "தைராய்டுதான், போகப் போக சரியாயிடும்"னு விட்டுட முடியாது. அடுத்த தடவை போறப்ப மூணு விஷயம் கேளுங்க. ஒண்ணு, ஹீமோகுளோபின். தைராய்டு குறைவா இருக்கிற பொண்ணுங்களுக்கு மாதவிலக்குல ரத்தப்போக்கு அதிகமா இருக்கலாம், ரத்தசோகை சேர்ந்துக்கலாம், அசதிக்கு அதுவே போதும். ரெண்டு, எஃப்.டி.4, அதாவது ரத்தத்துல இருக்கிற தைராய்டு ஹார்மோன் எவ்வளவுன்னு பாருங்க, அளவு கூடிப்போனாலும் தூக்கம் கெடும், படபடப்பு வரும். மூணாவது, பிள்ளையோட மனசை ஒருத்தர் உட்கார்ந்து கேட்கணும். ஆறு மாசம் காத்திருக்காதீங்க.

தீராத தலைவலி, கண் மங்கல், வாந்தி வந்தா மட்டும் அன்னிக்கே காட்டணும். மருந்து ஆரம்பிச்ச பிள்ளைங்க சிலருக்கு அபூர்வமா தலைக்குள்ள அழுத்தம் ஏறும்.

இயற்கை நலம்

இங்கிலீஷ் மருந்து வாழ்நாள் முழுக்க போட்டா பிள்ளை மனசு எப்படி நல்லா இருக்கும்? மாத்திரையை நிறுத்திட்டு முட்டைக்கோஸ், காலிஃபிளவர், சோயா எல்லாம் தள்ளிவைங்க. கல்லுப்பு மாத்துங்க. ரெண்டு மாசத்துல தைராய்டு போயிடும்.

வார்டு சிஸ்டர்

ஐயா, மன்னிக்கணும், இதை யாரும் படிச்சிட்டு நிறுத்திடக் கூடாதுன்னு உடனே எழுதறேன். ஹாஷிமோட்டோவுல உடம்போட எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியை அழிக்குது. சுரக்க வேண்டிய ஹார்மோனைத்தான் மாத்திரையா கொடுக்கிறோம். டி.எஸ்.எச். 100க்கு மேல போன பொண்ணுக்கு அதை நிறுத்தினா, உயரம், படிப்பு, மாதவிலக்கு, மனசு எல்லாமே திரும்பக் கீழ போகும். வேகவச்ச முட்டைக்கோஸ் சாதாரணமா சாப்பிடலாம். உப்பு அயோடின் உள்ளதாவே இருக்கட்டும். 2006லேருந்து நாடு முழுக்க அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, அதுக்குக் காரணம் இருக்கு. கழலையும், வயித்துல இருக்கிற குழந்தையோட மூளை வளர்ச்சிக் குறைவும் வராம தடுக்கத்தான் அது.

காசிமேடு மீன்கார அம்மா

சிஸ்டர் சொல்றதை நான் கண்ணால பாத்தவ. எம் மவனுக்குப் பொறந்தப்பவே தைராய்டு. மூணாம் நாள் குதிகால்ல ஊசி குத்தி ரத்தம் எடுத்தாங்க, அதுல கண்டுபுடிச்சு ரெண்டு வாரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சாச்சு. பொடி பண்ணி, ஒரு ஸ்பூன் தாய்ப்பால்ல கலந்து கொடுக்கச் சொன்னாங்க. அதே வருஷம் எங்க சொந்தத்துல ஒரு குழந்தைக்கு டெஸ்ட் எடுக்கல. லேட்டா தெரிஞ்சுது. அந்தக் குழந்தை உக்காரவே ரொம்ப நாளாச்சு, இப்ப வரைக்கும் பேச்சு வரல. அது முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்குது.

எம் மவன் இப்ப நாலாவது. நல்லாப் படிக்கிறான். ஆனா எழுத உக்காந்தா பாதியில எழுந்துடுவான், பட்டன் போட, ஷூ லேஸ் கட்ட லேட்டாச்சு. டாக்டர் சொன்னாங்க, சீக்கிரம் மருந்து ஆரம்பிச்ச பிள்ளைங்க அறிவுல மத்த பிள்ளைங்க மாதிரிதான் வருவாங்க, சிலருக்கு கவனம், ஞாபகம், கை வேலை இதுல சின்னச் சின்னதா குறை இருக்கலாம், திட்டாம பழக்குங்கன்னு.

எனக்கு வேற கஷ்டம். நான் விடியக்காலம் மூணு மணிக்கு ஹார்பருக்கு ஏலத்துக்குப் போயிடுவேன். எங்க வூட்டுக்காரரு போட்ல போயிடுவாரு. காலைல மாத்திரை யார் கொடுக்கிறது? பாட்டிக்குக் கண்ணு தெரியாது. டாக்டர்கிட்ட சொன்னேன். ராத்திரி சாப்ட்டு மூணு மணி நேரம் கழிச்சு, தூங்கறதுக்கு முன்னாடி கொடுங்க, தினமும் ஒரே மாதிரி கொடுத்தா போதும்னாங்க. இப்ப ஏழு மணிக்கெல்லாம் சோறு போட்டுடறேன், பத்து மணிக்கு மாத்திரை. டெஸ்ட் நல்லா வருது.

மூலக்கடை மெடிக்கல்

சரியா சொன்னாங்க அக்கா. ஒரு நாள் மறந்துட்டாலும் பதறாதீங்க, ஞாபகம் வந்ததும் கொடுங்க. இந்த மருந்து உடம்புல பாதியா குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மறந்ததுக்காகப் பிள்ளையை அடிக்கிறவங்களைக் கடையில பாக்கிறேன், வருத்தமா இருக்கு.

வியாசர்பாடி அப்பா

எங்க வீட்டு விஷயம் இதுக்கு எதிர்ப்பக்கம். பையன் ஒன்பதாவது, ஃபுட்பால் உயிர். எங்க ஏரியாவுல கேட்கணுமா, சந்துல பொறந்த பிள்ளைகூட பந்தோடதான் பொறக்கும். திடீர்னு கோபம். மேட்ச்ல கை ஓங்கறான், கிளாஸ்ல உக்கார முடியல, கையெழுத்து கோணல் மாணலா போகுது, நல்லா சாப்பிடறான், எடை இறங்குது. ஸ்கூல்ல கூப்பிட்டு, "பையன் பழக்க வழக்கம் சரியில்ல, என்னன்னு விசாரிங்க"ன்னாங்க. எங்க ஏரியா பேரைச் சொன்னதும் அவங்க மனசுல எது ஓடுச்சுன்னு எனக்குப் புரிஞ்சுது. ஒரு இடத்துல ஏ.டி.எச்.டி.யா (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கிற பிரச்சனை) இருக்கும்னாங்க.

கோச்தான் கண்டுபிடிச்சார். "உக்காந்திருக்கும்போதே இவன் நெஞ்சு குதிரை மாதிரி அடிக்குது, கழுத்தைப் பாருங்க வீங்கியிருக்கு"ன்னார். டெஸ்ட்ல கிரேவ்ஸ் நோய், தைராய்டு அதிகமா சுரக்குது. சுரப்பைக் குறைக்கிற கார்பிமசோல் மாத்திரை ஆரம்பிச்சாங்க. கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் விளையாட்டு கூடாதுன்னுட்டாங்க. அதுதான் அவனை உடைச்சுது. நோயால வந்த கோபம் மருந்துல இறங்கிடுச்சு. ஆனா கிரவுண்டுக்குப் போக முடியாத சோகம்? டீம்ல அவன் இடத்துல வேற பையன். நாலு மணி ஆனா சுவத்தைப் பார்த்துட்டு படுத்திருப்பான்.

கோச் ஒரு வழி சொன்னார். கிரவுண்டுக்கு வா, ஓட வேண்டாம், லைன் பாரு, சின்னப் பசங்களுக்கு பாஸ் சொல்லிக்கொடுன்னு. அதுக்கப்புறம் பையன் முகத்துல சிரிப்பைப் பார்த்தேன். மருந்து மாத்திரை எவ்வளவு முக்கியமோ அந்தக் கோச் கூப்பிட்டதும் அவ்வளவு முக்கியம்னு நான் உறுதியா சொல்வேன்.

வார்டு சிஸ்டர்

அண்ணே, கார்பிமசோல் போடற பிள்ளைக்கு காய்ச்சலோ, தொண்டைவலியோ, வாய்ப்புண்ணோ வந்தா மாத்திரையை நிறுத்திட்டு, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வெள்ளை அணு எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்க. அபூர்வமா வெள்ளை அணு ரொம்ப இறங்கிடும். சாதாரணக் காய்ச்சல்னு வீட்டுலயே வச்சுக்கக் கூடாது.

வியாசர்பாடி அப்பா

சொல்லியிருக்காங்க சிஸ்டர், கோச்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். நன்றி.

பெரம்பூர் அப்பா

நடுவுல கேட்கிறேன், மன்னிக்கவும். என் பையனுக்கு 12 வயசு, குண்டா இருப்பான். எதுலயும் சோம்பல். டெஸ்ட்ல டி.எஸ்.எச். 6.2, எஃப்.டி.4 நார்மல். டாக்டர் மாத்திரை வேண்டாம், மூணு மாசம் கழிச்சு பார்க்கலாம்னுட்டார். தைராய்டு இருக்குன்னு தெரிஞ்சும் மருந்து தராம விடறது சரியா?

வார்டு சிஸ்டர்

டாக்டர் சொன்னது சரிங்க. டி.எஸ்.எச். 5லேருந்து 10க்குள்ள, எஃப்.டி.4 நார்மலா இருந்தா பெரும்பாலான பிள்ளைங்களுக்குத் தானாவே இறங்கிடும். எடை அதிகமா இருந்தாலே டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறும், எடை குறைஞ்சா இறங்கும். திரும்ப டெஸ்ட் எடுக்கிறப்ப டி.பி.ஓ. ஆன்டிபாடியும் (எதிர்ப்புச் சக்தி தைராய்டைத் தாக்குதான்னு காட்டுற டெஸ்ட்), உயரம் ஏறுதான்னும் பாருங்க. இன்னொண்ணு, பையன் சோம்பலா இருக்கானா, சோகமா இருக்கானா? குண்டுன்னு யாராவது கிண்டல் பண்றாங்களான்னு கேட்டீங்களா? எல்லாத்தையும் தைராய்டு தலையில போட்டா, அந்தக் கேள்வியை யாரும் கேட்காமலே போயிடுவாங்க.

ராயபுரம் பொண்ணு

நான் இப்ப காலேஜ் படிக்கிறேன். ஆறாவது படிக்கும்போதிருந்து தைராய்டு மாத்திரை. கொடுங்கையூர் ஆன்ட்டி, உங்க பொண்ணு இடத்துல நான் இருந்திருக்கேன், அதனால அவ பக்கத்துலேருந்து எழுதறேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா முதல்ல சொல்றது "இவளுக்கு தைராய்டு". வந்தவங்க உடனே என் கழுத்தைப் பார்ப்பாங்க. அப்புறம் "அய்யோ, கல்யாணம் பண்ணா குழந்தை நிக்குமா?"ன்னு கேட்பாங்க. எனக்கு அப்ப 12 வயசு. அந்தக் கேள்வியை எத்தனையோ ராத்திரி நினைச்சுக்கிட்டே படுத்திருக்கேன். யார்கிட்டயும் கேட்கல. ரொம்ப நாள் கழிச்சு ஒரு லேடி டாக்டர் தனியா உக்கார வச்சு, "மாத்திரை ஒழுங்கா போட்டா கல்யாணம், குழந்தை எதுக்கும் தடையில்லம்மா, குழந்தை உண்டானா டோஸ் மட்டும் கூட்டணும்"னு சொன்னாங்க. வெளிய வந்து பஸ் ஸ்டாப்ல அழுதேன். அஞ்சு நிமிஷப் பேச்சு அது. ஆறாவதுலயே யாராவது சொல்லியிருக்கலாம்.

ஸ்கூல்ல முடி கொட்டுறதைப் பார்த்துச் சிரிப்பாங்க. பி.டி. பீரியட்ல ஓடினா மூச்சு வாங்கும், "நடிக்கிறா"ம்பாங்க. டெஸ்ட் நார்மலாகி வருஷம் ஆனப்புறமும் பி.டி. பீரியட்னா எனக்கு வயிறு கலங்கும். உடம்பு சரியாயிடுச்சு, பயம் சரியாகல. அவ தண்ணி லாரி பக்கம் வராததுக்கு அப்படி ஏதாவது இருக்கும் ஆன்ட்டி. "ஏன் வரல"ன்னு கேட்காதீங்க. "அங்க யார் என்ன சொன்னாங்க"ன்னு கேளுங்க.

கொடுங்கையூர் அம்மா

படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியலமா. கல்யாணப் பேச்சு எங்க வீட்டுலயும் நடந்துது, அவ பக்கத்து ரூம்ல இருந்தா.

பிள்ளைகள் மனநல ஆலோசகர்

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். நான் குழந்தைகளுக்கான ஆலோசகர். மருந்து பற்றி மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நாள்பட்ட நோய் உள்ள பிள்ளைகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்க நாங்கள் பயன்படுத்தும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, பெட்ஸ்க்யூஎல் என்பார்கள். அதில் 23 கேள்விகள். போன ஒரு மாதத்தில் உடம்பு, மனசு, கூட இருக்கும் பிள்ளைகள், பள்ளிக்கூடம் என்ற நான்கு பக்கத்திலும் எது கஷ்டமாக இருந்தது என்று கேட்கும். பிள்ளைக்கு ஒரு தாள், பெற்றோருக்குத் தனித் தாள். இரண்டும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. அம்மா "படிப்பில்தான் பிரச்சனை" என்று குறித்திருப்பார், பிள்ளை "மற்ற பிள்ளைகள் என்னைச் சேர்த்துக்கொள்வதில்லை" என்பதில் குறித்திருக்கும். அதனால் பிள்ளையை நேராக, தனியாகக் கேட்காமல் யாரும் முடிவுக்கு வரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தாள் இல்லாமல் வீட்டிலும் கேட்கலாம். எதிரெதிரே உட்கார வைத்து விசாரணை மாதிரி வேண்டாம். பூ கட்டும்போது, துணி மடிக்கும்போது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது கேளுங்கள். பதில் வந்ததும் உடனே தீர்வு சொல்லாதீர்கள்.

உங்கள் மகளுக்கு மனச்சோர்வு இருக்கிறதா, பள்ளிப் பயமா, கிண்டலால் வந்த ஒதுக்கமா என்பதை எழுத்தில் பார்த்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள் முகவாட்டம், பிடித்த எதிலும் ஆசையில்லாமை, தூக்கமோ பசியோ மாறுவது, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற பேச்சு இருந்தால் ஒருவரிடம் காட்ட வேண்டும். தைராய்டு மருந்து அதன் பாட்டுக்கு நடக்கட்டும், இதற்கான சிகிச்சை தனியாக நடக்கட்டும். ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்த வேண்டியதில்லை.

"செத்துடலாம் போல இருக்கு" என்று விளையாட்டாகச் சொன்னாலும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அன்றைக்கே கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. அரசு சுகாதார உதவி எண் 104லும் பேசலாம்.

கொருக்குப்பேட்டை சித்தப்பா

எல்லாம் சரிதான். ஆனா வயசுக்கு வந்த பொண்ணை மனநல டாக்டர்கிட்ட கூட்டிப் போறது லேசான விஷயமா? எங்க ஏரியாவுல ஒருத்தனைத் திட்டணும்னாலே "கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பணும்"னுதான் சொல்வாங்க. நாளைக்கு இது அந்தப் பொண்ணு பேர்ல ஒட்டிக்கும். கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க, லீவுல ஊருக்கு அனுப்புங்க, மாறிடுவா.

ராயபுரம் பொண்ணு

சித்தப்பா, நீங்க அக்கறையிலதான் சொல்றீங்க, அது தெரியுது. ஆனா பேர் ஏற்கெனவே ஒட்டியாச்சு, "தைராய்டு பொண்ணு"ன்னு. அதுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனப்ப யாரும் தடுக்கல. அதே ஸ்டான்லியில மனநலப் பிரிவும் இருக்கு. அதே கேட், அதே கூட்டம். யார் எந்த வார்டுக்குப் போறாங்கன்னு எவனும் பார்த்துட்டு நிக்கிறதில்ல.

பிள்ளைகள் மனநல ஆலோசகர்

ஊருக்கு அனுப்புவதில் தப்பில்லை, மாமா வீட்டில் நாலு நாள் சந்தோஷமாக இருக்கட்டும். ஆனால் திரும்பி வந்ததும் அதே வகுப்பு, அதே கிண்டல். அதற்கு வழி பார்க்க வேண்டும். முதலில் பெரும்பாலும் பேச்சுதான் சிகிச்சை, மருந்து எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை. ஸ்டான்லி தூரமாக இருந்தால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் கேளுங்கள்.

பெரம்பூர் டீச்சர்

நான் மாநகராட்சிப் பள்ளியில வேலை பார்க்கிறேன். பெற்றோர்கள்கிட்ட ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு என்ன பிரச்சனைன்னு கிளாஸ் டீச்சர்கிட்ட சொல்லுங்க. சொல்லாதவரைக்கும் எங்க கண்ணுக்கு அது சோம்பேறித்தனமா, திமிரா, கவனக்குறைவாத்தான் தெரியும். வியாசர்பாடி அண்ணன் பையனுக்கு நடந்தது எங்க பள்ளியிலும் நடக்கலாம். தெரிஞ்சா என்ன செய்யலாம்? அடிக்கடி பாத்ரூம் போக விடலாம், மருந்து சரியாகிற வரைக்கும் பி.டி.யில விலக்கு தரலாம், ஆனா ஓரமா உக்கார வைக்காம ஸ்கோர் எழுதற வேலை கொடுக்கலாம், பரிட்சையில தடுமாறினா வீட்டுக்குச் சொல்லி அனுப்பலாம். கிளாஸ் முன்னாடி நோயோட பேரைச் சொல்ல மாட்டேன்னு டீச்சர்கிட்ட உறுதி வாங்கிக்கோங்க. அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.

கிண்டல் பண்ற பிள்ளைங்க யாருன்னு தெரிஞ்சா, உங்க பொண்ணு பேரை இழுக்காமலே இடம் மாத்தி உக்கார வைக்க எங்களால முடியும்.

கொடுங்கையூர் அம்மா

எல்லாருக்கும் சொல்லணும்னு வந்தேன். ஞாயித்துக்கிழமை மூலக்கொத்தளத்துல எங்க அம்மா வீட்டுக்குப் பஸ்ல போனோம். பக்கத்துல உக்காந்து, அந்தப் பொண்ணு எழுதினபடியே, தண்ணி லாரிகிட்ட யார் என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். ரொம்ப தூரம் வரைக்கும் பேசல. இறங்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் சொன்னா. கூடப் படிக்கிற ரெண்டு பேர் "பாட்டி"ன்னு கூப்பிடறாங்களாம், முகம் உப்பியிருந்தப்ப வச்ச பேர், இன்னும் விடல. அதோட, மாமியாரும் நானும் அவ கல்யாணம் பத்திப் பேசினதைக் கேட்டிருக்கா, தனக்குக் குழந்தையே பொறக்காதுன்னு முடிவு பண்ணிக்கிட்டா. லேடி டாக்டர் சொன்னதை அப்படியே அவகிட்ட சொன்னேன். "நிஜமாவா?"ன்னு ரெண்டு தடவை கேட்டா.

கிளாஸ் டீச்சரைப் பார்த்துட்டேன். வெள்ளிக்கிழமை ஆலோசகர்கிட்ட போறோம், அதே அன்னிக்கு ஹீமோகுளோபினும் தைராய்டு டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லியிருக்காங்க. ஒரு சந்தேகம், அன்னிக்குக் காலைல மாத்திரை போட்டுட்டுப் போகலாமா?

வார்டு சிஸ்டர்

வேண்டாம்மா. மாத்திரை போட்டதும் எஃப்.டி.4 சில மணி நேரம் ஏறிக் காட்டும். ரத்தம் கொடுத்த அப்புறம் போடட்டும். மாத்திரை, தண்ணி பாட்டில், டிபன் எல்லாம் பையில எடுத்துட்டுப் போங்க. முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை ஏதாவது கொடுத்தா ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்திடுங்க, அது ரிப்போர்ட்டைத் தப்பா காட்டும். ஆலோசகர் ரூமுக்குள்ள அவளை முதல்ல தனியா விடுங்க, உங்களை அப்புறம் கூப்பிடுவாங்க.